ராத்திரியில் கண் தெரியாத கேமரா

பெயிண்டர் தூங்கும் அழகை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் மீதிக் கதை விளங்காது. மனுஷன் தலையணையில் தலையை வைத்தால் காலையில்தான் பூமிக்குத் திரும்புவார். ஒரு தடவை நடுராத்திரியில் கட்டிலின் கால் ஒன்று முறிந்து, கட்டிலே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவரும் கூடவே சாய்ந்தார், சாய்ந்தபடியே விடியும்வரை குறட்டை விட்டார். நல்ல உழைப்பாளி, நல்ல கணவர். ராத்திரியில் மட்டும் வீட்டில் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த மகள் ராத்திரியில் தூங்கவே மாட்டேன் என்கிறது! நாலு வயது. வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஒரே மாதத்தில் இரண்டு தடவை நடுராத்திரியில் எழுந்து, வாசல் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு, எதிர்வீட்டில் நாய்க்குட்டி பார்க்கக் கிளம்பிவிட்டது. இரண்டு தடவையும் அதன் அம்மாதான் பாய்ந்து பிடித்தாள். தச்சரைக் கூப்பிட்டு மேலே இன்னொரு தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்றே நாளில் வாலு துடைப்பக் கட்டையால் அதையும் நெம்பித் தள்ளப் பழகிவிட்டது. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைக்கலாம் என்றால் அம்மா ஒப்பமாட்டாள். தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தவள் அவள். ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டிய கதவு என்றாலே அவளுக்கு ஆகாது.

அந்த நர்ஸ் வேலையை, வாலு பிறந்ததும் விட்டாள். நாலு வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ராத்திரி டியூட்டி மட்டும்தான். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஹாலில் ஒரு கேமரா இருந்தது. அப்பாவும் மகளும் படுப்பது அந்த ஹாலில்தான், வாசல் கதவு இருப்பதும் அங்கேதான். பிள்ளை எழுந்து நடந்தால் இரண்டு பேர் செல்போனும் அலறும். அவர் எழுந்திருக்காவிட்டால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டு எழுப்பிவிடுவாள். அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, பத்து நாளாக அந்தக் கேமராவுக்கு ராத்திரியில் கண் தெரியவில்லை. பகலில் தரையில் கிடக்கும் ஊசிகூடத் தெரிந்தது. விளக்கை அணைத்தால் கரிச்சட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஒரே கறுப்பு.

மூன்று மணிக்கு அவள் புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரியில போய் உக்காந்திருக்கேன். அஞ்சு மணிக்குள்ள என் போன்ல இருட்டுல ஹால் தெரிஞ்சா கையெழுத்து. தெரியலன்னா வேணாம்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவேன்."

"பட்டப்பகல்ல இருட்டுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"அது உங்க பாடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் தெருமுனை திரும்புமுன் ஒரு தடவை நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பெயிண்டர் உடனே சகலைக்குப் போன் போட்டார்.

சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். கேமரா கடை வைத்திருப்பவர், இந்தக் கேமராவை மாட்டியவரும் அவர்தான். இரண்டு பேருக்கும் பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் சந்தித்துக்கொண்டால் ஒருவர் காலை ஒருவர் வாராமல் இருக்கமாட்டார்கள். சகலை பையும் கையுமாக வந்து இறங்கினார்.

"நான் மாட்டின கேமரா கெட்டுப்போகாது சகல. நீங்க அடிச்ச பெயிண்ட் வேணும்னா உதிரும்."

"என் பெயிண்டைப் பத்திப் பேசாதீங்க. வந்த வேலையைப் பாருங்க."

சகலை செருப்பைக் கழற்றியதும் செல்போனுக்குள் தலையை விட்டவர்தான், நிமிரவே இல்லை. ராத்திரிப் பார்வை 'ஆட்டோ'வில் இருக்கிறதா? இருக்கிறது. அதை 'ஆன்' என்று மாற்றினார். புது அடாப்டர் ஒன்றைச் செருகினார். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். புது சாஃப்ட்வேரை இறக்கினார், அது இறங்குவதற்குள் இரண்டு டம்ளர் டீயும் இறங்கியது. இருட்டுக்கு வழி கண்டுபிடித்தவர் பெயிண்டர். தொழிலுக்குப் போகும்போது தரையில் பெயிண்ட் சிந்தாமல் விரிக்கிற கனத்த துணிகள் அவரிடம் ஆறு இருந்தன. ஜன்னலுக்கு இரண்டாக மடித்துத் தொங்கவிட்டார், வாசல் கதவிடுக்கில் ஒன்றைத் திணித்தார். மத்தியான ஹால் கும்மிருட்டானது. வாலுவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அப்பா, ராத்திரி வந்துடுச்சு!" என்று குதித்தது.

செல்போனில் கறுப்புத்தான். மணி நாலு பத்து.

"எப்பலேர்ந்து சகல இப்படி?"

"பத்து நாளா."

"பத்து நாளைக்கு முன்னால என்ன நடந்துச்சு? இடி இடிச்சுதா, கரண்டு போச்சா?"

"ஒண்ணுமே நடக்கல. ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சேன், அவ்வளவுதான்."

விளக்கைப் போட்டுவிட்டு சகலை முதன்முதலாக நிமிர்ந்து மேலே பார்த்தார். இந்த மூலையைப் பார்த்தார், அந்த மூலையைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கேமரா எங்க?"

பெயிண்டருக்கு வாயெல்லாம் பல். பத்து நாளாக இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"கண்டுபிடிங்க பாப்போம்!"

கண்டுபிடிக்க முடியவில்லை. வாலுதான் விரலை நீட்டிக் காட்டியது. விட்டமும் சுவரும் சேருகிற மூலையில், அதே இளமஞ்சளில், அதே மெருகில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது கேமரா. நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் கண்ணாடி மட்டும் மினுங்கியது.

"கறுப்பா அசிங்கமா துருத்திக்கிட்டு நின்னுச்சு சகல. என் சுவர்ல அப்படி ஒரு கரும்புள்ளியா? ரெண்டு கோட்டிங் குடுத்தேன். கண்ணாடி மேல ஒரு சொட்டு படல பாருங்க! டேப்பை வட்டமா வெட்டி ஒட்டிட்டுத்தான் பிரஷ்ஷையே தொட்டேன்."

சகலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பெயிண்டருக்குப் புரியவில்லை. சிரிப்புத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி மறுபடி சிரித்தார்.

"அடப்பாவி மனுஷா! அந்தக் கண்ணாடியைச் சுத்தி மிளகு மிளகா எட்டு விளக்கு இருக்குய்யா! விளக்கு மட்டும் லேசா சிவப்பாத் தெரியும், அதுலேர்ந்து வர்ற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி அது டார்ச் அடிச்சுத்தான் பாக்கும். நீங்க டார்ச்சுக்கு ரெண்டு கோட்டிங் குடுத்துருக்கீங்க!"

பெயிண்டர் முகம் விழுந்துவிட்டது. பத்து நாளாகக் கண்டவர்களையெல்லாம் திட்டியிருக்கிறார். கேமராவைத் திட்டினார், வைஃபைக்காரனைத் திட்டினார், சகலையைக்கூட முதுகுக்குப் பின்னால் நாலு வார்த்தை சொன்னார். குற்றவாளி தன் பிரஷ்ஷாக இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவர் நினைக்காததில் தப்பும் இல்லை. முப்பது வருஷமாகப் பெயிண்ட் அடித்து அவர் எதையும் கெடுத்ததில்லையே!

"தின்னர் குடுங்க, துடைச்சிடலாம்," என்றார் சகலை.

"தின்னரா? பிளாஸ்டிக்கை உருக்கிடும். கையை எடுங்க. இது என் வேலை."

ஏணியைப் போட்டு ஏறினார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கேமரா முகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். பெயிண்ட் நெகிழ்ந்ததும் சுவரில் பட்டி மாவு தேய்க்கும் சின்னத் தகட்டின் முனையால் ஓரத்தைக் கிளப்பி, நகத்தால் உரித்தார். வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி கழன்று வந்தது. ஒன்று, இரண்டு என்று எட்டு விளக்கும் வெளியே வந்தன. அவரே ஆசை ஆசையாகக் கலந்த நிறம் துணுக்குத் துணுக்காகத் தரையில் விழுந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. மணி நாலே முக்கால்.

இறங்கி வந்து விளக்கை அணைத்தார். மூலையில் எட்டுப் பொட்டு, மங்கலான சிவப்பில். சகலை தன் செல்போனைப் பார்க்கலாம் என்றால் அது சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. பெயிண்டரின் செல்போனோ ஆள் நடமாடும்போதெல்லாம் அலறுகிறது என்று மத்தியானமே அதிலிருந்து கேமரா ஆப்பை நீக்கிவிட்டிருந்தார், மறுபடி ஏற்ற நேரமில்லை. அதில் மனைவிக்குச் செய்தி மட்டும் அனுப்பினார்கள்: 'இப்ப பாரு.' பதில் வரும் வரும் என்று காத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் போனது. நாலு நிமிஷம் போனது. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

"பஸ் ஏறிட்டா போலிருக்கு," என்றார் பெயிண்டர்.

"சும்மா இருங்க சகல. வருவா, வருவா."

"உங்களுக்குத் தெரியாது சகல. அந்த வெள்ளைக் கோட்டை மாசா மாசம் எடுத்து அயர்ன் பண்றா. போடறதில்ல, அயர்ன் பண்ணி மறுபடி உள்ள வெச்சிடறா. நாலு வருஷமா பாக்கறேன். ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டினதில்ல. நான் கட்டை மாதிரி தூங்கறேன்னுதானே அவ வீட்டுல உக்காந்துருக்கா? அவ வார்டுக்குள்ள நடந்து போறதைக் கல்யாணத்துக்கு முன்னாடி பாத்திருக்கேன் சகல. ராணி மாதிரி போவா. அதைப் பாத்துத்தான் பொண்ணு கேக்கவே போனேன். இன்னைக்கு என் கையாலயே..."

சட்டை நுனியை எடுத்து மூக்கைத் துடைத்தார். சகலை இருட்டில் தடவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க! கதவு! கதவைப் பாருங்க!"

விட்டத்து மூலை கத்தியது. சகலை ஒரு முழம் எகிறிக் குதித்தார். கேமராவில் ஸ்பீக்கர் இருப்பதை, மாட்டிய மனுஷனே மறந்துபோயிருந்தார்!

"துடைப்பத்தை எடுத்துட்டுப் போறா! கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்துட்டா, மேலதை நெம்பறா! ஓடுங்க!"

பெயிண்டர் ஓடினார். முழங்கால் ஏணியில் இடித்தது, அதற்கு அலற நேரமில்லை. இருட்டில் கையை வீசித் துழாவியதில் ஒரு துடைப்பமும் அதன் மறுமுனையில் ஒரு மகளும் அகப்பட்டார்கள்.

"ராத்திரிதானே அப்பா, நாய்க்குட்டி பாக்கணும்," என்றது வாலு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாதது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரியுதா உனக்கு?"

"எல்லாம் தெரியுது. உங்க கண்ணு ரெண்டும் பூனைக் கண்ணு மாதிரி மின்னுது. புதுச் சட்டையில மூக்கைத் துடைச்சதும் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் போனை எடுக்கல?"

"எடுத்தா நீங்க பேச்சை நிறுத்திடுவீங்களே." மூலைக் குரல் இறங்கி வந்தது. "ராணி மாதிரின்னு சொன்னீங்களே. கல்யாணமாகி ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கீங்களா?"

"இப்பவும் உன் முகம் தெரியலியே."

"எனக்கு உங்க முகம் தெரியுது. சொல்லுங்க."

பிள்ளையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு அவர் அந்த எட்டுச் சிவப்புப் பொட்டையும் நிமிர்ந்து பார்த்தார். காது சூடேறியது.

"நீ வேலைக்குப் போ. இவளை நான் பாத்துக்கறேன். நான் எழுந்திருக்கலன்னா இப்ப கத்தின மாதிரியே கத்து, ஓடி வர்றேன். நீ மறுபடி அந்தக் கோட்டைப் போட்டுட்டு நடந்து போறதை நான் பாக்கணும்."

மூலையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அதன்பின் முன்பின் கேட்டறியாத கனத்த பெண்குரல் ஒன்று குறுக்கே புகுந்தது.

"சார், நான் ஆஸ்பத்திரி மேட்ரன், நர்ஸுங்களுக்கெல்லாம் மேல இருக்கறவ. நானும் இவ்வளவு நேரமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யம்மா, மணி அஞ்சாகப் போகுது, கண்ணைத் துடைச்சுட்டுப் பேனாவைப் பிடி."

சகலை வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"போட்டுட்டேங்க," என்றாள் அவள்.