சாவி வாங்கும் படிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தாளை நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. வயிறு எரிந்து எழுதினேன்.

அஞ்சல்வழிப் பல்கலைக்கழகத்தில் எனக்கு அது கடைசி வருடம். பகலெல்லாம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து வீங்கிய கன்னங்களுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. மிச்ச நேரத்தில் படிப்பு. இந்த முறை தேர்வு விண்ணப்பத்தோடு ஒரு ரோஜா நிறத் தாளும் வந்திருந்தது. 'நம் பல்கலைக்கழகத்தில் இல்லாத, ஆனால் நீங்கள் படிக்க ஆசைப்படும் படிப்பு எது?' என்று கேட்டு, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

அது வந்த அன்றுதான் அப்பா காரில் போகும்போது ஒரு சைக்கிள்காரரை இடிக்கப் போனார். பக்கத்தில் இருந்த நான் அலறினேன். அந்த மனிதர் மயிரிழையில் தப்பினார். "இவன் எங்கேருந்து முளைச்சான்?" என்றார் அப்பா. அவர் எங்கேயிருந்தும் முளைக்கவில்லை. அரை மைல் தூரமாக எங்களுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். போன மாதம் அப்பா எங்கள் வீட்டு கேட்டையே இடித்தார். யாரோ கேட்டை நகர்த்தி வைத்துவிட்டார்களாம்! நான் பிறந்ததிலிருந்து அந்த கேட் அங்கேதான் இருக்கிறது.

வேறு யாராவது என்றால் சண்டை போட்டாவது சாவியைப் பிடுங்கலாம். அப்பா லைசென்ஸ் அலுவலகத்தில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். 'ஃபெயில் சார்' என்றால்தான் அவரைத் தெரியும். காரைத் தொடுவதற்கு முன்பே ஆளை இருபத்தைந்து தப்படி தள்ளி நிற்கவைத்து, எதிரே நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வார். தப்பாகப் படித்தால் அன்றைக்கு வீடுதான். ஓட்டித் தோற்றவர்கள் சாவியைத் தங்கள் கையாலேயே பானெட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போகவேண்டும். நானும் இரண்டு தடவை வைத்திருக்கிறேன். சொந்த மகள், திருப்பத்தில் ஒரு கம்பத்தை லேசாகத் தொட்டுவிட்டாள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து, ரோஜாத் தாளில் எழுதினேன்: 'வயதான அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்குவது எப்படி'. விண்ணப்பத்தோடு குண்டூசி குத்தி அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

ஆறு வாரம் கழித்து ஹால் டிக்கெட் வந்தது. ஐந்து பாடம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு பாடம். வயதான அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்குவது எப்படி. ஞாயிறு, காலை பத்து மணி. நூறு மதிப்பெண்கள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பல்கலைக்கழகக் கிளை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த எழுத்தர் ஹால் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு மேடம்?"

"எது சார் சரி? அது நான் ஆசைப்பட்டு எழுதினது. அப்படி ஒரு படிப்பே கிடையாது!"

"ரோஸ் பேப்பரை விண்ணப்பத்துக்கு மேல குத்தினீங்களா, கீழ குத்தினீங்களா?"

"மேல."

"அதான். மேல இருக்கறதைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. கீழ புரட்டிப் பார்க்கறது வேற பிரிவு."

"சரி, ரத்து பண்ணிக் குடுங்க."

"அதுக்குத் துறைத்தலைவர் கையெழுத்து வேணும்."

"எந்தத் துறை?"

அவர் கணினியில் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். "இந்தப் பாடத்துக்குத் துறை இல்லையே மேடம்."

"நானும் அதைத்தானே சொல்றேன்! படிப்பே இல்லைன்னு!"

"படிப்பு இல்லை. ஆனா பரீட்சை இருக்கு. எழுதலைன்னா ஆப்சென்ட் விழும். ஆப்சென்ட் விழுந்தா பழைய மார்க்கெல்லாம் நிறுத்தி வெச்சிடுவாங்க. பேசாம போய் எழுதிடுங்க. மத்த அஞ்சு பேப்பரையும் அடுத்த மாசம் போடச் சொல்றேன்."

"புத்தகம்?"

"தபால்ல வரும்" என்றார், கூச்சமே இல்லாமல். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேசையையே கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் முகத்திலும் என்னைப் போலவே குழப்பம்தான் இருந்தது.

தேர்வு மையம் நகரத்தின் மறு கோடியில். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பதினொரு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேரும். வாடகைக் கார் கூப்பிடுகிறேன் என்றதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ வாடகைக் காரா?" சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிட்டார்.

வழியெல்லாம் ஒரு லாரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனார். "அவன் நின்னா நிக்கணும், போனா போகணும், அவ்வளவுதான்" என்றார். சிவப்பு விளக்கை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடி விடவில்லை நான். பாதி வழியில் லாரி திரும்பிப் போய்விட, வண்டியை ஓரங்கட்டினார்.

"ஹால் டிக்கெட்டைக் குடு. விலாசம் பார்க்கணும்."

எனக்கு உயிரே போய்விட்டது. பாடத்தின் பெயர் நடுவில், கொட்டை எழுத்தில். கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. அவர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, நல்லா எழுது."

படித்துவிட்டாரா, இல்லையா? படித்துவிட்டார் என்றால் ஏன் திட்டவில்லை? படிக்க முடியவில்லை என்றால், கடவுளே, யாரை நம்பி இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன்? இரண்டில் எது நடந்திருந்தாலும் எனக்குத் தாங்காது.

தேர்வு அறையில் என்னைச் சேர்த்து ஒன்பது பேர். எல்லோரும் ரோஜாத் தாளை மேலே குத்தியவர்கள். ஒரு காவலாளிக்கு 'உட்கார்ந்தபடி தூங்காமல் இருப்பது'. ஒரு தையற்காரருக்கு 'மனைவி கோபமாக இருக்கிறாளா என்று கண்டுபிடிப்பது: தொடக்கநிலை'. அவர் என் பக்கம் சாய்ந்து, "மேடம், 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றேன். அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் அம்மாள் வெறும் விடைத்தாள் கட்டோடு வந்தார். "கேள்வித்தாள் வரலை. எனக்கும் ஒண்ணும் புரியலை. அவங்கவங்க கேள்வியை அவங்கவங்களே எழுதி, பதிலும் எழுதிடுங்க."

சாவியை ஒளித்துவைக்கலாம் என்று எழுதினேன். அடித்தேன். பேட்டரியைக் கழற்றிவிடலாம். அடித்தேன். மெக்கானிக்கை விட்டு வண்டி தேறாது என்று சொல்லவைக்கலாம். அதையும் அடித்தேன். மூன்று மணி நேரம் யோசித்தும் என்னிடம் இருந்தவை எல்லாம் பொய்கள்தான். ஃபெயில் சாரின் மகளுக்கு அப்பாவை ஏமாற்ற மனம் வரவில்லை. மணி அடிக்கும்போது 'இருபத்தைந்து தப்படி' என்று இரண்டே சொல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்பா காரில் சாய்ந்து நின்றிருந்தார். "எப்படி எழுதினே?"

"செய்முறை பாக்கி இருக்குப்பா." எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. "அந்த வேன் நம்பரைப் படிங்கப்பா."

என்னைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வேனுக்குப் பக்கத்தில் போய், அங்கிருந்து ஒவ்வொரு தப்படியாக எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார். எண்ணிக்கையில் சந்தேகம் வந்ததோ என்னவோ, இன்னும் ஒரு தப்படி கூடவே வைத்தார். திரும்பி நின்று கண்ணைச் சுருக்கினார்.

"நாலு. ஏழு. ஒண்ணு... ஒண்ணு."

வேனின் நம்பர் 9326. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயைத் திறந்து சொல்லு. உனக்கு நான் சொல்லலையா?"

"ஃபெயில்பா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்பா தலையாட்டினார். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து பானெட்டின் மேல் வைத்தார். ஓட்டுநர் பக்கம் போகாமல் மறுபக்கம் சுற்றிவந்து கதவருகே நின்றார்.

"எடுத்து ஓட்டு, போகலாம்."

"எனக்கு லைசென்ஸ் இல்லையேப்பா."

அவர் கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "ஆமா" என்றார் பிறகு. "அந்தக் கம்பம்." என் அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

காரைப் பூட்டிவிட்டு, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"ஹால் டிக்கெட்டைப் படிச்சீங்களாப்பா?"

"ஏதோ எழுதியிருக்குன்னு தெரிஞ்சுது" என்றார். "நீயே படிச்சுச் சொல்லுவேன்னு பார்த்தேன்."

நான் எடுத்துப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வர்றது எத்தனாம் நம்பர்?"