ஷஸ்னாவுக்கு வந்த நூற்று முப்பத்தெட்டு

முன்பள்ளி வாசலில் மகளின் படம் போட்ட பெனரைக் கண்டதும் பஹீமாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. 'எங்கள் மாணவி ஷஸ்னா, நுண்ணறிவு ஈவு (IQ) 138' என்று சிவப்பில் எழுதியிருந்தது. காத்தான்குடியில் பதினொரு வருடமாகக் கணிதம் படிப்பிப்பவள் அவள். கொழும்பிலிருந்து வந்து சோதித்த ஒருவர், நாலரை வயதுப் பிள்ளையின் அறிவை முக்கால் மணி நேரத்தில் ஓர் எண்ணாக எழுதித் தந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

கத்தாரில் இருக்கும் கணவன் றமீஸ் அன்று மூன்று தடவை அழைத்துவிட்டான்.

"புள்ளய நேரே ரெண்டாம் வகுப்பில சேர்ப்பம். இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ஓம் என்டுட்டாங்க. ரிப்போட்ட மட்டும் அனுப்பு."

"கொஞ்சம் பொறுங்க."

"என்னத்துக்குப் பொறுக்க? நம்மட புள்ள கெட்டிக்காரி என்டா உனக்குப் புடிக்கல்லயா?"

மாலையில் ஷஸ்னாவைக் குளிப்பாட்டும்போது மெல்லக் கேட்டாள்.

"கொழும்பு மிஸ் என்ன கேட்டாங்க மகள்?"

"படம் காட்டினாங்க. எது சேராது என்டு கேட்டாங்க."

"அந்தப் படம் முதல்லயே பார்த்திரிக்கியா?"

"ஓம். நுஸ்ரா டீச்சர்ட அலுமாரியில இரிக்கே. நாங்க விளையாடுறதானே."

அதற்கு மேல் பஹீமாவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை முன்பள்ளியை நடத்தும் நுஸ்ராவின் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், புள்ளைக்குப் பழக்கிப்போட்டுத்தானே சோதனைக்கு விட்டீங்க? பெனரப் பார்த்து அடுத்த வருஷம் புள்ளைகள் கூடும் என்டுதானே?"

நுஸ்ராவின் முகம் கறுத்துப்போனது. அலுமாரியைத் திறந்து அட்டைகளை மேசையில் கொட்டினாள். இறால், தோணி, தையல் மெஷின், வாழைக்குலை.

"எல்லாம் நான் வரைஞ்சது. அந்த மிஸ் கதவச் சாத்திட்டுத்தான் சோதிச்சாங்க. அவங்கட படத்த நான் கண்ணாலயும் காணல்ல."

பஹீமா பாதிதான் நம்பினாள். முழு அறிக்கையையும் கேட்டு வாங்கி, விடைத்தாள் திருத்துவதுபோல வரி வரியாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. 'சோதனை நாளில் வயது: 3 வருடம் 7 மாதம்.'

ஷஸ்னா பிறந்தது ஜனவரி பன்னிரண்டு. படிவத்தில் 12/01/2020 என்று எழுதியிருந்தார்கள். கணக்கெடுத்தவர் மாதத்தை முதலில் வாசித்து, டிசம்பர் முதலாம் திகதி ஆக்கிவிட்டார். பதினொரு மாதம் இளைய பிள்ளை அதே விடைகளைச் சொன்னதாகக் கணக்காகி, புள்ளி ஏறியிருந்தது.

சோதனை செய்த கொழும்பு மிஸ் ஸுஹைனாவுக்கு அங்கிருந்தே அழைத்தாள். திகதி மாறிப்போனதைச் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டார். பஹீமா அங்கேயே காத்திருக்க, ஒரு மணித்தியாலம் கழித்து அவரே அழைத்தார். திருத்திய புள்ளி நூற்றுப் பதினான்கு.

"அப்ப இதுதான் சரியா மிஸ்?"

"இது அந்த ஒரு நாளுக்கான புள்ளி. இந்த வயசுல பசி, தூக்கம், வெட்கம் எல்லாம் புள்ளியில சேரும். ஏழு எட்டு வயசுல பார்த்தா ஏறலாம், இறங்கலாம். இத வச்சு வகுப்புத் தாண்ட விடாதீங்க. பெனர் போடச் சொல்லியும் நான் சொல்லல்ல."

பஹீமா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பார்த்தீங்களா டீச்சர், நான் சொன்னன்."

நுஸ்ரா அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் களவு செஞ்சன் என்டுதான் நீங்க சொன்ன. அது பிழை. நூத்தி முப்பத்தெட்ட நம்பல்ல, சரி. நூத்திப் பதினால மட்டும் ஏன் உடனே நம்புறீங்க?"

எண் சிறிதானதும் தன் மனம் ஆறியது அப்போதுதான் பஹீமாவுக்கு உறைத்தது. மகளைப் பற்றி அவளுக்கு எது தெரிந்துவிட்டது? பிழை பிடித்த திருப்தி மட்டும்தான் இருந்தது.

"மன்னிச்சிக்கங்க டீச்சர்."

நுஸ்ரா வாசலுக்கு நடந்தாள். "அந்தப் பக்கக் கயித்த அவுளுங்க" என்றாள். இருவருமாகப் பெனரை இறக்கினார்கள்.

பின்னேரம் றமீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப ரெண்டாம் வகுப்பு?"

"இல்ல. ஜனவரியில ஒண்டாம் வகுப்புக்குப் போகட்டும்."

"புள்ள கெட்டிக்காரிதானே, பஹீமா?"

"தெரியா. இப்பதான் பார்க்கத் தொடங்கியிரிக்கன்."

அவன் பெருமூச்சு விட்டான். "றூம்ல இரிக்கிற எல்லாருக்கும் நூத்தி முப்பத்தெட்டு என்டு சொல்லிப்போட்டனே."