இடது மூலைக் கறுப்பு

அந்தக் கோட்டை வரைந்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டாம். ஒரு விரல் அகலம்கூட இல்லாத கோடு. அதற்கு எங்கள் துறைமுகமே மாரில் அடித்துக்கொண்டு அழுதது.

எங்கள் ஊர் எகிப்தில், தும்யாத் நகரத்துக்கு வடக்கே, நைல் கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது. ஆம்பளைகளில் பாதிப்பேர் எப்போதும் தண்ணீரில்தான். படகு கிளம்பினால் இருபது நாள், இருபத்தைந்து நாள். வீட்டிலிருக்கும் பெண்களுக்காக மீனவர் சங்கத்துக்கு ஒரு செயலி செய்து கொடுத்தோம், நானும் என் கூட்டாளி லுத்ஃபியும். ஐஸ் ஆலைக்கு மேலே ரெண்டு அறை, அதுதான் எங்கள் கம்பெனி. செயலியில் படகைத் தொட்டால் அதில் போனவர்களின் படங்கள் வரும், கீழே படகு கடைசியாக எங்கே இருந்தது என்று வரும். காலையில் ஃபூல் பயற்றுச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் பெண்கள் அதைத்தான் திறப்பார்கள்.

என் அண்ணன் ஹம்தியும் அதில் இருந்தான். 'நூருல் பஹ்ர்' படகு, மூன்றாவது படம். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்து எஞ்சினியர் ஆக்கியவன் அவன். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும் என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படகில் ஏறுவான். அவனுக்கு ஒன்று என்றால் எனக்கு வேறு யாரும் கிடையாது.

இந்த லுத்ஃபிதான் ஆரம்பித்தான். "படமெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டி வச்ச மாதிரி இருக்கு, எஞ்சினியரம்மா. சுத்தி ஏதாவது பளபளன்னு போடேன்."

போனில் படத்தைச் சுற்றி ஒரே நிறத்தில் கோடு போடுவது சுலபம். ஒரு நிறம் இன்னொரு நிறமாகக் கரைகிற கோடு வேண்டுமென்றால் ஏமாற்ற வேண்டும். நிறம் கரைகிற ஒரு பெட்டியைப் பின்னால் வைத்து, படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி அதன் மேல் வைத்தால், ஓரத்தில் எட்டிப் பார்ப்பதுதான் கோடு. பெட்டியின் இடப்பக்கம் ஆழ்கடலின் மைக்கறுப்பு, வலப்பக்கம் கரையோரத்து இளநீலம். அத்தோடு விட்டிருக்கலாம். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! படத்தின் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டு, அங்கே அந்த நீலம் பட்டையாகத் தெரியும்படி செய்தேன். என் போனில் பார்த்தேன். அடடா, என்ன அழகு! லுத்ஃபி அவன் போனில் பார்த்து விசிலடித்தான். சாயங்காலம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அலுவலகத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அப்புறம் ஒன்று, அப்புறம் பத்து. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஐம்பது அறுபது பெண்கள், தலைத்துணி நழுவினதுகூடத் தெரியாமல் சங்கத்து வாசலுக்கு ஓடுகிறார்கள். வாயிலிருந்த ரொட்டியைத் துப்பிவிட்டு இறங்கினேன்.

மீன் பொரித்து விற்கிற உம்மு ஷுக்ரி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஆள் மலை மாதிரி இருப்பாள்.

"ஏன்டி, உனக்கு நேத்தே தெரியும்ல? தெரிஞ்சுகிட்டே எம்புள்ள படத்துல பட்டையக் கட்டிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம வீட்டுக்குப் போய்த் தூங்கினியா?"

"என்ன பட்டை? என்ன சொல்றீங்க ஹாஜியம்மா?"

போனை என் மூக்கில் இடித்தாள். அவள் மகன் ஷுக்ரியின் படம். இடது மேல் மூலையில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. சுவரில் மாட்டின படமானாலும், பேப்பரில் வந்த படமானாலும், எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் போய்விட்டான்.

அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளுகிறேன். ஒன்று, கறுப்பு. இரண்டு, கறுப்பு. மூன்றாவது ஹம்தி. மீசையும் சிரிப்புமாக, மூலையில் கறுப்போடு.

கேட்டால் சிரிப்பீர்கள். வரைந்தவள் நான். முந்தின நாள் சாயங்காலம் இதே கையால் வரைந்தவள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் அண்ணன் செத்துப் போனான் என்று நம்பினேன். அப்படியே ஐஸ் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. சங்கத்திலிருந்து யாரோ கறுப்புப் பட்டை போட்டுவிட்டார்கள், எனக்குச் சொல்லத் தைரியமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். யோசிக்க மூளை எங்கே இருந்தது?

லுத்ஃபி படியில் உருண்டு விழாத குறையாக ஓடி வந்தான். "ஷாஹிந்தா! என் போன்ல ஒண்ணுமே இல்ல! நீலமாத்தான் இருக்கு, பாரு!"

பார்த்தேன். ஹம்தி சிரிக்கிறான், வலது மூலையில் இளநீலம். இந்தக் கையில் உம்மு ஷுக்ரியின் போன், அந்தக் கையில் லுத்ஃபியின் போன். இதில் செத்தவன், அதில் உயிரோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லுத்ஃபியின் போன் ஆங்கிலத்தில் இருந்தது. என்னுடையதும்தான். எங்கள் தொழிலில் ஒருத்தன் போன்கூட அரபியில் இருக்காது, அது ஒரு பீற்றல். அரபி வலமிருந்து எழுதுவது, அதனால் அரபி போனில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பும். நான் வெட்டின மூலையும் சமர்த்தாக வலமிருந்து இடத்துக்குப் போயிருக்கிறது. பின்னால் இருந்த நிறப்பெட்டி மட்டும் திரும்பவில்லை, அதைத் திருப்பச் சொல்லி நான்தான் எழுத வேண்டும். எழுதவில்லை. வெட்டின ஓட்டை நீலத்தை விட்டுவிட்டு நேராகக் கறுப்பின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இருபத்தொரு படகு, அத்தனை ஆட்களையும் நான் ஒரே ராத்திரியில் கொன்றிருக்கிறேன்.

"யாரும் சாகல! பெயின்ட்டு! வெறும் பெயின்ட்டு, என் தப்பு!" என்று கத்தினேன்.

யார் நம்புவார்கள்? "மறைக்கிறா, வல்லாஹி மறைக்கிறா," என்றாள் ஒருத்தி. கடைசியில் சங்கத்து ரேடியோ அறைக்குள் எல்லோருமாக முண்டியடித்தோம். ரேடியோக்காரர் நாலு தடவை கூப்பிட்ட பிறகு 'நூருல் பஹ்ர்' தலைவர் தசூக்கியின் குரல் கரகரத்தது.

"என்னய்யா இழவு காலங்காத்தால? எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். வலை எடுக்குற நேரத்துல கூப்பிட்டு உயிரை எடுக்குறீங்க."

"என் ஷுக்ரியைப் பேசச் சொல்லு!" என்று உம்மு ஷுக்ரி மைக்கை விழுங்கப் போனாள்.

"தூங்குறான் ஹாஜியம்மா."

"எழுப்புய்யா! செத்தவனையே எழுப்பியாச்சு, தூங்குறவனை எழுப்ப உனக்கு என்ன வலிக்குது?"

அப்புறம் ஹம்தி வந்தான். "ஷாஹிந்தா? எதுக்குடி அழுவுற? மூக்கைத் துடை, இங்க வரைக்கும் கேக்குது." நான் பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், ரெண்டும் ஒன்றாகவே வந்தது. மற்ற படகுகளும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. வெளியே வந்ததும் என் மேல் ரெண்டு செருப்பு வந்து விழுந்தது, ஒன்று தோளில் பட்டது. வாங்கிக்கொண்டேன். படியேறிப் போய்க் கோட்டையே மொத்தமாக எடுத்துவிட்டேன். பதினோரு நிமிஷம் ஆனது.

அப்போதுதான் நக்லா ஞாபகம் வந்தது.

நக்லா ஹம்தியின் மனைவி. கூட்டத்தில் எல்லோர் வீட்டுப் பெண்ணும் இருந்தாள், அவள் மட்டும் இல்லை. அவள் போனும் அரபிதான், அவளும் காலையில் செயலியைத் திறப்பவள்தான். அல்லாவே, பார்த்துவிட்டு விழுந்து கிடக்கிறாளோ! பால்கனியிலிருந்து குதித்துவிட்டாளோ! ஆற்றோரத் தெருவில் நான் ஓடின ஓட்டத்துக்குச் செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. ரெண்டாவது மாடியில் அவர்கள் வீடு. படியிலேயே கத்திக்கொண்டு ஏறினேன்.

"நக்லா! உயிரோட இருக்கான்! ஹம்தி உயிரோட இருக்கான், இப்பத்தான் பேசினேன்! எல்லாம் என் தப்பு!"

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். அவள் விழுந்து கிடக்கவில்லை. பால்கனிக் கதவு ரெண்டையும் அகலத் திறந்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதிப் பழம் முன்னால் இருந்தது, கரண்டியால் தோண்டித் தோண்டிச் சாப்பிட்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடப்பாவி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில், ஆகஸ்ட் மாத வெயிலில்கூட, நக்லாவின் முழங்கையை நான் பார்த்ததே இல்லை. கூச்சக்காரி என்று கேலி பேசியிருக்கிறேன். மணிக்கட்டுக்கு மேலே தோள் வரைக்கும் பட்டை பட்டையாக அடித் தடம், பழுத்ததும் காய்ந்ததும் கறுத்ததுமாக.

"என்ன சொன்னே?" என்றாள்.

"உயிரோட இருக்கான்," என்றேன்.

கரண்டியை மெதுவாக வைத்தாள். சுருட்டி விட்டிருந்த சட்டையை இழுத்து இழுத்து மணிக்கட்டு வரைக்கும் இறக்கி, பொத்தானைப் போட்டாள். முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொரு கை.

"எப்ப வர்றார்?"

"நாலு நாள்ல. நக்லா, இது யாரு... இது ஹம்தியா?"

அவள் போட்ட பொத்தானையே மறுபடி இழுத்துச் சரிபார்த்தாள். நான் எதற்குக் கேட்டேன்? என் நெற்றியில் முத்தம் கொடுக்கிற அதே ஹம்திதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவன் குரலைக் கேட்டு நான் அழுத அழுகையை நினைத்தேன்.

நக்லா எழுந்து அவசர அவசரமாகப் பழத்தோலை அள்ளினாள். பால்கனிக் கதவைச் சாத்தினாள். திடீரென்று நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். கறுப்புப் பட்டையைப் பார்த்த எந்தப் பெண் முகத்திலும் அப்படி ஒரு பயம் இல்லை.

"ஷாஹிந்தா, நான் அவரோட பெல்ட்டை ஆத்துல போட்டுட்டேன்."

"எந்த பெல்ட்டை?"

"ஆணியில தொங்குமே, அது. காலையில படத்தைப் பாத்ததும் முதல் வேலையா பால்கனியில இருந்து வீசிட்டேன். இனிமே எதுக்குன்னுதானே போட்டேன்! வந்ததும் ஆணியைத்தான் பாப்பார். எங்கேன்னு கேப்பாரே!" என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடி வலித்தது. "தடி பெல்ட்டு, பிரவுன், பித்தளைக் கொக்கி. பெரிய பஜார்ல அதே மாதிரி கிடைக்கும்ல? புதுசுன்னு தெரியாம எண்ணெய் தடவி வச்சிடலாம். நீ கூட வாயேன், எனக்குக் கடைக்காரங்ககிட்டப் பேசத் தெரியாது."

சொல்லிக்கொண்டே தலைத்துணியைக் கட்டினாள், செருப்பைத் தேடினாள். தன்னை அடிக்க ஒரு பெல்ட் வாங்க, என்னையே துணைக்குக் கூப்பிடுகிறாள்.

நான் நாற்காலியில் ஏறி, அலமாரி மேலிருந்த அவளுடைய கல்யாணப் பெட்டியை இழுத்துக் கீழே போட்டேன். தூசி பறந்தது.

"என்ன பண்றே? மத்தியானமானா பஜார் சாத்திடுவாங்க ஷாஹிந்தா."

"சாத்தட்டும்," என்றேன். "உன் துணியெல்லாம் எங்கே வச்சிருக்கே? நீ என் வீட்டுக்கு வர்றே."