என்னைப் பற்றி எழுதியதெல்லாம் வேண்டும்

டெரிக்கை மன்னிப்பதில்லை என்று க்ளெனிஸ் அக்டோபரிலேயே தீர்மானித்துவிட்டாள். மன்னிக்கிற வேலையைப் பாதிரியார் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஸ்கார்பெக் முள்ளெலிக் காப்பகம் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். டெரிக்கின் தோட்டத்துக் கொட்டகையில் பன்னிரண்டு கூண்டுகள், மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் மாடியில் ஓர் அறை, அதில் ஒரு மடிக்கணினி, அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் மின்னஞ்சல் முகவரிகள். அந்தப் பட்டியலைப் பதினோரு வருடமாகப் பொத்திப் பொத்திக் காத்தவள் க்ளெனிஸ், சம்பளமில்லாத் தொண்டர். யார் என்றைக்குச் சம்மதம் தந்தார்கள், யார் இனிமேல் அனுப்பாதே என்றார்கள், எல்லாம் தேதியோடு இருக்கும். தகவல் பாதுகாப்பு விதிகளை ஒன்பது பக்கத்துக்கு எழுதியதும் அவள்தான். தலைவர் டெரிக் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். ஆனால் காப்பகத்தின் அஞ்சல் பெட்டிக்கு இருந்தது ஒரே கடவுச்சொல். இரண்டு பேருக்கும் தெரியும். வினை அங்கேதான் வந்தது.

க்ளெனிஸ் தன் அக்காவைப் பார்க்க விட்பி போயிருந்த மூன்று நாளில், இலையுதிர்காலச் சந்தைக்கான அழைப்பு எல்லாருக்கும் போயிற்று. முகவரிகள் ஒருவர் கண்ணில் மற்றவருடையது படாதபடி 'பிசிசி' என்னும் மறைவுப் பெட்டியில் போயிருக்க வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டும் பப்பரப்பே என்று எல்லார் கண்ணிலும் படும்படி போயின.

அதில் ரோவீனா ஒருத்தி. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி, யாருக்கும் சொல்லாமல் ஸ்கார்பெக்குக்கு வந்து, பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தவள். மாலையில் வந்து குட்டி முள்ளெலிகளுக்குப் பாலூட்டுவாள். தன் பெயரும் பேக்கரியின் பெயரும் சேர்ந்திருந்த முகவரியைக் க்ளெனிஸை நம்பித்தான் கொடுத்தாள். அதே பட்டியலில், முன்னொரு காலத்தில் அவளைக் குஷிப்படுத்த ஒரு முள்ளெலியைத் தத்தெடுத்து நன்கொடை அனுப்பிய அந்தப் புருஷனும் இருந்தான். அவன் இன்னும் பட்டியலில் இருப்பது ரோவீனாவுக்குத் தெரியாது, அவன்தான் அந்தப் புருஷன் என்பது க்ளெனிஸுக்குத் தெரியாது. நாலாம் நாள் பேக்கரி வாசலில் வந்து நின்றான். ரோவீனா பின்கதவு வழியாக ஓடியவள், ஊரைவிட்டே போனாள். போவதற்கு முன் ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து க்ளெனிஸைக் கூப்பிட்டாள்.

"உன்னை நம்பித்தானே குடுத்தேன்," என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

டெரிக் என்ன செய்தார் தெரியுமா? "ஒரு தொண்டரின் கவனக்குறைவு" என்று செய்திமடலில் போட்டார். "ஊர்ல இல்லாதப்ப போன்லேருந்து அவசரமா அனுப்பியிருப்பா, பாவம்" என்று நிர்வாகக் குழுவில் உருகினார். தொண்டர் என்றால் யார் என்று ஊருக்குத் தெரியாதா? தபால் நிலையத்தில் எல்லாரும் அவளிடம் முன்னைவிட அன்பாகப் பேசினார்கள். அந்த அன்பு அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. பதினோரு வருட நல்ல பெயர் மூன்றே நாளில் மண்ணாய்ப் போயிற்று.

அவள் கத்தவில்லை. பட்டியல் வேலையை விட்டுவிட்டு, நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் அத்தனை தகவலும் வேண்டும், குழுவுக்குள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்கள் உட்பட. சட்டப்படி அதைத் தர உங்களுக்கு ஒரு மாதம்.

டெரிக் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பாவோடு. "என்னம்மா இது, நமக்குள்ள போய் சட்டம் கிட்டம்னு?"

"ஏழாம் பக்கம், டெரிக். நீங்க கையெழுத்துப் போட்டது."

"பழைய மெயிலையெல்லாம் யாரு தோண்டறது?"

"நீங்கதான். கேட்டப்புறம் ஒரு வரியை வேணும்னு அழிச்சாலும் குத்தம், எட்டாம் பக்கம். டப்பாவை எடுத்துட்டுப் போங்க."

இருபத்தெட்டாம் நாள் உறை வந்தது. தொகுத்துக் கொடுத்தவள் பொருளாளர் மொய்ரா. அவளுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும், எதையும் விடாமல் வைத்திருந்தாள். பதினேழாவது தாளில் டெரிக் மொய்ராவுக்கு எழுதியது இருந்தது: "அனுப்பினது நான்தான். ஆனா க்ளெனிஸ் பேர்ல போகட்டும். அவ காலை நாம மிதிச்சாக்கூட அவதான் சாரி சொல்லுவா."

க்ளெனிஸ் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தாள். அப்படி ருசியாக டீ குடித்துப் பல வாரம் ஆகியிருந்தது.

ஆண்டுக் கூட்டம் சனிக்கிழமை மதியம், கீழ்க் கூடத்தில். நாற்பது பேர். கடைசியில் "வேறு ஏதாவது?" என்று டெரிக் கேட்டதும் அவள் எழுந்தாள்.

"அதை இங்க படிக்க முடியாது. ரகசியத் தகவல்," என்றார் டெரிக், தாளைப் பார்த்ததுமே முகம் வெளுத்துப்போய்.

"என்னைப் பத்தின தகவல். சட்டப்படி எங்கிட்ட வந்தது. நான் படிப்பேன்."

படித்தாள், நிறுத்தி நிதானமாக. டெரிக் மொய்ராவைப் பார்த்தார். மொய்ரா கைப்பையைப் பார்த்தாள்.

"தப்பு நடந்துபோச்சு க்ளெனிஸ். எல்லார் முன்னாடியும் சாரி சொல்றேன், போதுமா?"

"எனக்கு உங்க சாரி வேண்டாம். செய்திமடல்ல புளுகினது யாருக்கெல்லாம் போச்சோ அவங்களுக்கெல்லாம் நிஜம் போகணும். உங்க பேர்ல, இப்பவே. மேல வாங்க."

நாற்பது பேரில் ஒருவரும் அவருக்குப் பரிந்து வாயைத் திறக்கவில்லை. மாடியறையில் அவர் ஒற்றை விரலால் தட்டினார். க்ளெனிஸ் பின்னால் நின்று, "தொண்டர் இல்ல, நான்னு போடுங்க" என்றாள். போட்டார். "ரெண்டாவது பெட்டி. அதுக்குத்தான் மறைவுப் பெட்டின்னு பேரு" என்றாள். காது மடல் சிவக்க, முகவரிகளை அதில் போட்டார். அஞ்சல் போயிற்று. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"சரி, எல்லாருக்கும் போயாச்சு," என்றார் டெரிக், நாற்காலியில் சாய்ந்து. "இத்தோட முடிஞ்சுது, இல்லையா?"

"எத்தனை பேருக்குப் போயிருக்கு, பாரு."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவரை ஒருமையில் விளித்தாள். டெரிக் திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"முந்நூத்திப் பதினொண்ணு."

"ரோவீனாவுக்குப் போகலை."

"அவ முகவரியைக் குடு, தனியா எழுதறேன்."

"எங்கிட்ட இல்ல. தன் பேரு எங்கயும் இருக்கக் கூடாதுன்னு போற அன்னிக்கு எழுதிக் கேட்டா. நான் இந்த மேஜைல செஞ்ச கடைசி வேலை அதுதான். ஒரு நகல்கூட வெச்சுக்காம அழிச்சேன்."

"அப்ப அவளுக்கு எப்படித்தான் தெரியும்?"

"தெரியாது. எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்துக்கிட்டு, நான்தான் அவளைக் காட்டிக் குடுத்தேன்னு சாகற வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருப்பா."

க்ளெனிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"நீ என்கிட்ட சாரி கேக்கற ஒவ்வொரு தடவையும் இதை உனக்குச் சொல்லுவேன், டெரிக்."