பத்தாவது கேள்வி

ஆஸ்பத்திரியின் முழங்கால் பிரிவில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. போன் அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளிகூட வழி காட்டுவார். கிழிந்த தசைநாருக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்குப் போனவர்களை ஆறாம் மாதம் ஒரு தடவை, வருஷம் முடிந்ததும் ஒரு தடவை கூப்பிட்டு, பத்துக் கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொள்வது அவள் வேலை. படி இறங்க முடிகிறதா, குந்த முடிகிறதா, ஓடும்போது முட்டி நழுவுகிறதா என்று போய், கடைசியில் பத்தாவது கேள்வி வரும். உங்கள் முட்டியை எவ்வளவு நம்புகிறீர்கள்?

மற்ற ஒன்பதுக்கும் பட்டுப் பட்டென்று பதில் வந்துவிடும். பத்தாவதில்தான் ஆட்கள் இழுப்பார்கள். ஆறு என்பார்கள், இல்லை ஏழு என்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். அவள் மனசு கேட்காது. "போகப் போகச் சரியாயிடுங்க, எட்டுன்னே போட்டுக்கறேன்" என்று எழுதிவிடுவாள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். கொடுக்கிற மதிப்பெண் இவள் கைமுதலா என்ன? நோயாளி தெம்பாகப் போனை வைப்பார், இவளுக்கும் மத்தியானச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். ஏழு வருஷமாக இப்படியே ஓடியது.

அந்த ஏழு வருஷத்து எண்களையும் ஒரு கணினிப் பெண் வந்து அள்ளிக்கொண்டு போய் மெஷினுக்குப் படிக்கக் கொடுத்தாள். வயது, எடை, கிழிசலின் அளவு, தொடையின் பலம் என்று பழைய நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி, புதிதாக வருகிறவருக்கு ஆபரேஷன் எப்படி அமையும் என்று அது முன்கூட்டியே சொல்லும். பத்தாவது கேள்விக்கு எட்டோ அதற்கு மேலோ வாங்கியவர் தேறியவர் என்பது அதன் கணக்கு. போன் அக்கா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய தம்பியே நோயாளியாக வந்து நிற்கும் வரைக்கும்.

தம்பி தீயணைப்பு வீரன். எத்தனையோ மாடி ஏறி இறங்கியவன், ஒரு பயிற்சியில் ஏணியின் கடைசிப் படியில் கால் திரும்பி முட்டியைக் கிழித்துக்கொண்டான். கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் நிரந்தர வேலைக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிவிட்டு முட்டியும் தேறாமல் போனால் வேலையே இல்லை. அவன் தேற நூற்றுக்கு எண்பத்தொன்பது வாய்ப்பு என்றது மெஷின். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை, அதுவும் அந்தக் காலோடு. நாற்காலி வேண்டாம் என்று எழுதப் போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவளால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அந்த எண்பத்தொன்பதில் எத்தனை தன் கைவண்ணம் என்று அவளுக்குத்தானே தெரியும்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கணினிப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் பெண் திட்டவில்லை. உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களை மட்டும் முதலில் மறுபடி கேட்கச் சொன்னாள். போன் அக்கா எட்டுப் பேரைக் கூப்பிட்டாள். எட்டுப் பேரும் எட்டு, ஒன்பது என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் மூச்சு விட்டாள். கணினிப் பெண்தான் உதட்டைப் பிதுக்கினாள். வேறு யாராவது கேட்டுப் பார்க்கட்டும் என்றாள்.

பதிவு மேஜையில் ஒருவர் உண்டு. சிடுமூஞ்சி என்று பெயர், அதற்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை. அவரிடம் போனைக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் அதே எட்டுப் பேரிடம் பத்தாவது கேள்விக்கு வந்தார். ஆறு, ஏழு, நாலு என்று வந்தது. கூரை வேலை செய்கிற ஒருவர் கொஞ்சம் தயங்கினார்.

"உண்மையைச் சொன்னா அஞ்சுதாங்க. போன் அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க மனசு கஷ்டப்படும்."

அவள் அழுதுவிட்டாள். இவள் கூட்டிப் போட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், இவள் காதுக்கு வருவதற்கு முன்பே அவர்களும் இவளுக்காகக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். பாசத்தின் மேல் பாசம் ஏற்றி, கடைசியில் அது தம்பியின் தலையில் வந்து இறங்க இருந்தது.

இரண்டு நாளில் சிடுமூஞ்சி நாற்பது பேரைக் கேட்டு முடித்தார். திருத்திய எண்களை மெஷினுக்குக் கொடுத்ததும் தம்பியின் கணக்கு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. எல்லோரையும் மறுபடி கேட்டு முடிக்கிற வரை மெஷினை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சர்ஜன் நிறுத்திவைத்தார். போனை அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. அவளாகவே சிடுமூஞ்சியிடம் கொடுத்துவிட்டு ஃபைல் அடுக்கும் மேஜைக்கு மாறினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டு தலையணை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முட்டியைத் தடவிக்கொடுத்தான்.

"எண்பத்தொன்பதுன்னே விட்டிருந்தா நான் சந்தோஷமா இருந்திருப்பேன்க்கா."

"இருந்திருப்பே. மத்தவங்களா இருந்தா நானும் விட்டிருப்பேன்."

"மத்தவங்களும் யாருக்கோ தம்பிதானே" என்றான். அது அவளுக்குச் சுரீர் என்று தைத்தது, தைக்க வேண்டியதுதான். அப்புறம் அவனே பேசினான். "ஏணியில நான் மட்டும்னா ஐம்பத்தெட்டை நம்பி ஏறிடுவேன். தோள்ல இன்னொருத்தரையும் தூக்கிட்டு இறங்கணும். நாற்காலியே போதும்."

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அவன் தலையைக் கோதிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அவனும் போன் எடுக்கிற ஆள் ஆனான்.

ஒரு வருஷம் கழித்து அவனைக் கேட்க வேண்டிய நாள் வந்தது. போன் அக்கா ஃபைல்களை விட்டுவிட்டு வந்து சிடுமூஞ்சியின் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் ஒன்பது கேள்விகள் நன்றாகவே போயின. பத்தாவதில் தம்பி நின்றான்.

"எங்க அக்கா பக்கத்துல இருக்காளா?"

சிடுமூஞ்சி அவளை ஒரு பார்வை பார்த்தார். "இல்லை" என்றார். மனுஷன் ஆயுசில் சொன்ன முதல் பொய்யாக இருக்க வேண்டும்.

"அப்போ ஆறு. அவ கேட்டா எட்டுன்னு சொல்லிடுங்க."

சிடுமூஞ்சி ஆறு என்று எழுதினார். போனை வைத்தார். காதில் விழாதவளிடம் சொல்வது போல அவள் பக்கம் திரும்பி, "எட்டாம்" என்றார்.