கோட்டுக்கு மேலே குழந்தை

கோலார் பக்கத்துச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில் சங்கக் கட்டடத்து வாசலில் கட்டியிருந்த பேனரில் ‘தாயும் சேயும் நலம்’ என்று எழுதி, சங்க நிர்வாகிகளின் படங்களைப் போட்டிருந்தார்கள். அத்தனையும் ஆண்கள். தாயும் இல்லை, சேயும் இல்லை. நடுவில் பெரிதாகச் சிரித்த தலைவர் ராஜேந்திரன், உள்ளே அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலிலும் கோட்டும் டையுமாக மைக்கைப் பிடித்திருந்தார். தாய்மையின் மகத்துவத்தை அவர் விளக்க விளக்க, கீழே கைக்குழந்தைகள் பசியில் கத்தின. பாலூட்டத் திரும்பி உட்கார்ந்த பெண்களிடம், “மேடையப் பாருங்கம்மா, போட்டோ எடுக்கறாங்க” என்றார்.

சுனிதாவின் குழந்தை கத்தவில்லை. அதுதான் அவள் கவலை. குறைமாதத்தில் பிறந்த பெண்; கத்தத் தெம்பில்லை. கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார்: வெற்று மார்பில் குழந்தையைப் போட்டு, அந்தச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், எடை ஏறாவிட்டால் திரும்ப வார்டுதான். பகலிலும் இரவிலும் சுனிதாவே வைத்திருந்தாள். ஆபரேஷன் தையல் இழுத்தது. உட்கார்ந்தபடியே கண் செருகும். குழந்தை நழுவுவதுபோல் திடுக்கிட்டு விழிப்பாள்.

கணவன் ரூபேஷ் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருகிறவன். வந்ததும் துணி துவைப்பான், பாத்திரம் கழுவுவான். குழந்தையை மட்டும் தொடமாட்டான். “கை நடுங்குது மே. இத்துனூண்டு கீது, எங்கனா ஒடிஞ்சிடப் போவுது.”

பேச்சு ஓய்ந்ததும் நர்ஸ் ஜெசிந்தா நீலக்கண் பிளாஸ்டிக் பொம்மையோடு மேடையேறினார். “அம்மா ரெஸ்ட் எடுக்கறப்ப அப்பா வெச்சிக்கலாம். ஆம்பளைங்க யாராச்சும் வாங்க, காட்டறேன்.”

ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் வேலை வந்துவிட்டது. கேமரா தயாராவதைப் பார்த்த ராஜேந்திரன் தாமே முன்வந்தார். பொம்மையைக் கோட்டின்மேல் அணைத்து, புன்னகையைச் சரிசெய்தார்.

“சார், கோட்டு மேல வெச்சா கோட்டுக்குத்தான் சூடு. கழட்டுங்க.”

“எல்லாத்தியுமா?”

“மேல மட்டும் போதும் சார்.”

கூட்டம் சிரித்தது. கோட்டு போனது, டை போனது, சட்டை போனது. உள்ளே இருந்த பனியனில் பொம்மையின் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

“எங்க வூட்டு கரித்துணி இத்தவிட நல்லா கீதுங்க!” என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். தலைவர் பனியனையும் கழற்றி எறிந்தார். ஜெசிந்தா பொம்மையை அவர் மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மூடாமல் இருப்பதைக் காட்டி, முதுகோடு ஒரு துணியைச் சுற்றினார். ராஜேந்திரன் தம்மை அறியாமல் பொம்மையைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினார்.

ரூபேஷ் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். சுனிதா அவன் தோளைத் தொட்டாள்.

“இன்னாங்க, அடுத்த ஷிஃப்ட் உங்களுது.”

சிரிப்பு நின்றது. “இங்கியா?”

“இங்கதான். வூட்டுக்குப் போனா திரும்ப கை நடுங்கும். இங்க சிரிக்கறதெல்லாம் சிரிச்சி முடிச்சிட்டாங்க.”

அவன் மேடையைப் பார்த்தான். தலைவரின் அந்தத் தொப்பைக்குப் பிறகு தன்னிடம் பார்க்க எதுவும் மிச்சமில்லை என்று பட்டிருக்க வேண்டும். சட்டையைக் கழற்றினான். ஜெசிந்தா இறங்கி வந்து குழந்தையை அவன் மார்பில் வைத்துக் கட்டினார். கை நடுங்கத்தான் செய்தது. குழந்தை முகத்தைச் சுளித்தது, கன்னத்தை அவன் மார்பில் தேய்த்தது, பிறகு அடங்கியது.

“மூச்சு உடுப்பா,” என்றார் ஜெசிந்தா. “நீ உட்டாத்தான் அதுவும் உடும்.”

நன்றியுரைக்கு யாரோ மைக்கைத் தட்டினார்கள். டீ வந்தது. சுனிதா காலியான இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தாள்.