மேல்வீட்டில் பூத்த விஸ்டீரியா

வைதேஹி அந்தக் கொடியை முசூரியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கல்யாணமான புதிதில் அங்கே ஒரு பழைய பங்களாவின் வராந்தா முழுக்க இளம் ஊதாச் சரங்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, காரை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் கீழே நின்றாள். சரக்கொன்றையை ஊதாவில் தோய்த்துக் காயப்போட்டது மாதிரி இருந்தது. கன்று விற்ற நர்சரிக்காரர் அதன் பெயர் விஸ்டீரியா என்றார்; தில்லி வெயிலுக்குப் பூப்பது சந்தேகம்தான் என்றும் சொன்னார். அது அவள் காதில் விழவில்லை.

தில்லி துவாரகாவில் அவர்களுடையது தரைத்தள ஃப்ளாட். பின்னால் ஒரு கட்டில் போடுமளவுக்குத் தோட்டம். கணவன் ப்ரசன்னா லீவு நாளொன்றில் இரும்புக் குழாய்களை வைத்துப் பந்தல் அடித்தான். அன்றுதான் மேல்வீட்டுப் பெண் பால்கனிக்கு வந்து, நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் படுத்தேன், சத்தத்தை நிறுத்துங்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். வைதேஹியும் ஹிந்தியிலேயே, இந்த வேலையைப் பகலில் செய்யாமல் வேறு எப்போது செய்வது என்றாள். அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே விலகிப்போனார்கள்.

கொடி வளர்ந்தது. பந்தலை மூடியது, மழைத்தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. பூ மட்டும் வரவில்லை. வைதேஹி வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்ப்பவள். மீட்டிங்குகளுக்கு நடுவே ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எரு வைத்தாள், கிளைகளை ஒட்ட நறுக்கிப் பார்த்தாள். ஜனவரியில் இலையெல்லாம் உதிர்ந்து பனிமூட்டம் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால், பந்தல் குழாய்களில் ஊதாச் சரங்கள் ஆடுவதுபோல அவளுக்குத் தோன்றும். காபி ஆறிப்போகும்.

ஹோலி கழிந்த வாரம், மொட்டைத் தண்டைத் தடவிப் பார்த்தவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. எதிர் பிளாக்கின் நிழல் பந்தலை விட்டு நகர்வதே இல்லை. இதை எடுத்துவிட்டு மல்லி வைக்கலாம் என்று தோட்டவேலை பார்க்கும் மாலியைக் கூப்பிட்டாள். அவர் அடித்தண்டில் ரம்பத்தை வைத்தார்.

“அக்கா, வெட்டிராதீங்க.”

மேலேயிருந்து வந்த தமிழ். மாலிக்குப் புரியாவிட்டாலும் கை நின்றுவிட்டது. பால்கனியை மறைத்துக் கட்டியிருந்த பச்சைத் துணிக்கு மேல், கலைந்த தலையோடு அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது.

“நீங்க தமிழா?” என்றாள் வைதேஹி.

“ஆமாக்கா. நாகர்கோவில் பக்கம். நீங்க வீட்ல பேசுறது எனக்குக் கேக்கும். கோவத்துல சொல்லாம இருந்துட்டேன்.” கையசைத்துக் கூப்பிட்டாள். “மேல வந்து பாருங்க.”

அவள் பெயர் அம்பிகா, ஆஸ்பத்திரி நர்ஸ். கதவைத் திறந்தவள் படுக்கையறை வழியாகப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள். கிழக்குப் பக்கம் துணி கட்டாமல் திறந்திருந்தது. காலை வெயில் தடையில்லாமல் உள்ளே கொட்டியது. அந்த வெயிலில், இலையே இல்லாத கிளைகளிலிருந்து கைநீளச் சரங்கள் தரைவரை தொங்கின. இளம் ஊதா, நுனியில் இன்னும் விரியாத அடர் ஊதா. தேன் வாசனை. கருவண்டுகள் சரத்துக்குச் சரம் தாவிக்கொண்டிருந்தன. கிளைகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது பாண்டேஜ் துணி.

ஒரு கோடையில் தளிர் பால்கனிக் கம்பிக்குள் நுழைந்ததாம். கிள்ளிப்போடத்தான் போயிருக்கிறாள். வார்டில் அன்று ஒரு குழந்தை இறந்திருந்தது. எதையும் கிள்ள மனம் வரவில்லை. பையில் கிடந்த பாண்டேஜை எடுத்துக் கட்டிவிட்டாள். இப்போது பகலில் தூங்கும்போது சுவரெல்லாம் ஊதாவாகிவிடுகிறது என்றாள்.

வைதேஹி ஒரு பாண்டேஜ் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குச் சுத்தியலை நிறுத்தியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

“நானும் கீழ வந்து சொல்லிருக்கலாம். போன வருசமே ரெண்டு சரம் பூத்துச்சு.”

மாலியைப் போகச் சொல்லிவிட்டு வைதேஹி பால்கனித் தரையில் உட்கார்ந்தாள். அம்பிகாவுக்குக் கண் சொருகிற்று. பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் கட்டிலில் தூங்கிப்போனாள். காற்று வந்தபோதெல்லாம் இதழ்கள் உதிர்ந்து வைதேஹியின் மடியில் விழுந்தன. அவளும் சுவரில் தலைசாய்த்துக் கண்ணை மூடினாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த ப்ரசன்னா அவளைக் காணாமல் போன் செய்தான்.

“மேல்வீட்ல இருக்கேன்,” என்று கிசுகிசுத்தாள். “செருப்பைக் கழட்டிட்டு, சத்தம் போடாம வா.”